ஒரே பெயருக்கு எழுந்து நின்ற இருவர்

பாரிஸின் லா சப்பலில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு இருந்த அறை, புதுச்சேரி அம்மா ஒருவரின் வீட்டுக்குள் இருந்தது. ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டு அறைகளில் ஒன்று அவருக்கு, மற்றது எனக்கும் என் கணவருக்கும். சமைக்கிற குசினி பொது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். நான் ஒரு தமிழ்க் கடையில் பருப்பும் மிளகாய்த்தூளும் நிறுத்துப் பொட்டலம் கட்டினேன். கிழமையில் இரண்டு பின்னேரம் பிரெஞ்சு வகுப்புக்குப் போவேன்.

அம்மா பாரிஸுக்கு வந்து முப்பது வருடங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பிரெஞ்சை மழையாகக் கொட்டுவார். கசாப்புக் கடைக்காரர், மாடிப்படி கூட்டுபவர், பஸ் சாரதி என்று யாரும் அவரிடம் வாய் கொடுத்து மீண்டதில்லை. ஆனால் எழுத்து ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். எனக்கு அது நேர்மாறு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கடிதத்தையும் வாசித்துவிடுவேன். வாயைத் திறந்தால் பேக்கரியில் ஒரு பாண் வாங்குகிற அளவுக்குக்கூடப் பேச்சு வராது.

"நீ படி, நான் பேசறேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு வெள்ளைக்காரி" என்பார் அம்மா.

அவருடைய கணவர் நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான் நான் அவரைக் கண்டிருக்கிறேன். நெற்றி உச்சிவரை ஏறிய தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படம் எடுப்பவரை நம்பாத பார்வை. இளம் வயதில் கப்பலேறி வந்து தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தவர். ஊருக்குப் போய் அம்மாவைக் கட்டி இங்கே கூட்டி வந்தவர். ஐம்பத்தெட்டு வயதில், காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். ஒரே மகன் பட்டாளத்தில், தூரத்தில் இருந்தான். அம்மா காலை நாலரை மணிக்கு எழும்பி அலுவலகங்கள் துடைக்கப் போவார். அந்தச் சம்பளமும் எங்கள் வாடகையும்தான் அவருடைய வருமானம்.

ஒருநாள் வகுப்பில் ஆசிரியை எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, "வீட்டில் வாசித்து வாருங்கள்" என்றார். ஒருத்திக்குத் தடுப்பூசி பற்றிய காகிதம் கிடைத்தது. இன்னொருவருக்கு எரிவாயு அடுப்பு. எனக்குப் பென்சன். நான் குசினி மேசையில் அகராதியோடு இருந்து வாசித்தேன். மூன்றாவது பந்திக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அங்கிள் எவ்வளவு காலம் வேலை செய்தவர்?"

"எவ்ளோ காலமா? என்னைக் கட்டறதுக்கு முன்னாடிலேருந்து, சாவுற அன்னிக்கு வரைக்கும். ஏன் கேக்குற?"

"அவரின்ரை பென்சன் என்னவானது?"

"பென்சன் எடுக்கற வயசு வரதுக்குள்ளயே போயிட்டாரே. மாசாமாசம் சம்பளத்துல புடிச்ச காசெல்லாம் சர்க்காருக்குத்தான்."

"இல்லை அன்ரி. இஞ்சை எழுதிக்கிடக்கு. மனுசன் பென்சன் எடுக்காமல் செத்தாலும், அவர் கட்டின காசுக்கு மனுசிக்கு ஒரு பங்கு வருமாம். ஐம்பத்தைஞ்சு வயசு முடிஞ்சிருக்க வேணும். திரும்பக் கலியாணம் கட்டியிருக்கக் கூடாது. வருமானம் குறைவா இருக்க வேணும்."

அம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு வாட்டி படி." படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "இன்னும் ஒரு வாட்டி." மூன்றாம் தடவையும் படித்தேன்.

"சம்பளத்துல இவ்ளோ புடிக்கிறானே, வாயத் தொறந்து கேக்க மாட்டியான்னு அவருகிட்ட எத்தினி சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். "அது போற எடத்துக்குப் போவட்டும்னுவாரு. எங்க போவுதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் படத்தைப் பார்த்து, "மன்னிச்சிக்கோங்க" என்றார். அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த கிழமை விண்ணப்பப் படிவம் எடுத்து வந்தோம். எட்டுப் பக்கம். நான் கேள்வியை வாசிப்பேன், அம்மா பதில் சொல்வார், நான் எழுதுவேன். பிறந்த இடம், கலியாணமான நாள், பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. இறந்தவர் இதற்கு முன் திருமணம் செய்திருந்தாரா?

"இல்லைன்னு போடு" என்றார் அம்மா. சொன்ன வேகம் என்னை நிமிர வைத்தது.

"அன்ரி, ஆரும் இருந்தவையோ?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு வெள்ளைக்காரி. ஆறு மாசம். மெரில போயி எழுதிக்கிட்டாங்களாம், ஆறே மாசத்துல முறிஞ்சிபோச்சாம். அவரே சொல்லித்தான் என்னைக் கட்டினாரு. நகரசபையில கையெழுத்துப் போட்டதெல்லாம் கல்யாணமா? மாதா கோயில்ல, சாமியார் முன்னாடி தாலி கட்டினது எனக்குத்தான்."

நான் பேனையை மூடி வைத்தேன். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கே இன்னும் முடிவு வரவில்லை. அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுத என் கை வரவில்லை. அம்மாவின் கலியாணப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது.

"அன்ரி, இதிலையே எழுதிக்கிடக்கு, விவாகரத்து ஆனவர் எண்டு. அவை இதைப் பார்க்க மாட்டினமோ?"

அம்மா படிவத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் மூச்சிரைக்க நாற்காலியில் விழுந்தார். "ஆமான்னு போடு. பூசை பூரா அந்தப் பொய்யத்தான் நெனச்சிக்கிட்டு நின்னேன். சாமியார்கிட்டப் போயி நன்மை அப்பம் வாங்க முடியல." நான் 'ஆம்' என்று எழுதினேன். முகவரி தெரியாது என்றும் எழுதினேன்.

ஆறேழு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது, அம்மாவின் கணவர் பாரிஸுக்கு வந்த ஆரம்ப நாலரை வருடங்களுக்கு அவர்களிடம் எந்தப் பதிவும் இல்லை. அப்போது அவர் வேலை செய்த பட்டறை மூடி நெடுங்காலம். ஆதாரம் இருந்தால் கொண்டுவரவும், இல்லாவிட்டால் அந்த வருடங்கள் சேராது, பென்சன் குறையும். இரண்டாவது, முதல் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் மறுமணம் செய்யவில்லை. அதனால் சட்டப்படி அவருக்கும் பங்கு உண்டு. யார் எத்தனை வருடம் மனைவியாக இருந்தார்களோ, அந்த அளவில் பங்கு. முதல் மனைவி ஆறு வருடம்.

"ஆறு மாசம்" என்று திருத்தினார் அம்மா.

"இல்லை அன்ரி. வருசம். ஆறு வருசம்."

"நல்லாப் பாரு."

நன்றாகப் பார்த்தேன். கல்யாணத் திகதியும் விவாகரத்துத் திகதியும் எழுதியிருந்தன. விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அம்மா எழுந்தார். நேராகச் சுவரடிக்குப் போனார். ஆணியிலிருந்த படத்தைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க மாட்டினார்.

"ஆறு மாசம்னு சொன்னானே, பாவி!"

அன்று வேலை முடிந்து வந்த என் கணவர் குசினிக்குள் என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: "ஏன் அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்?"

பென்சன் அலுவலகம் இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டி, மேலே கறுப்புக் கோட்டுப் போட்டு, காதில் கல்வைத்த தோட்டோடு புறப்பட்டார். "அலுவலகத்துக்கோ, கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்டேன். "அவ வருவால்ல" என்றார்.

காத்திருக்கும் மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அம்மா ஒவ்வொரு வெள்ளைக்காரக் கிழவியாக எடைபோட்டார். "அதோ அந்த ரோமக் கோட்டுக்காரி. பாரு, திமிரு." "இல்லல்ல, அந்தச் சிவப்பு உதடு. அவதான்." அப்போது ஓர் இளைஞர் கதவைத் திறந்து, கையிலிருந்த கோப்பைப் பார்த்து, 'மதாம்' என்று சொல்லி அவர்களுடைய நீண்ட தமிழ்ப் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டார்.

அம்மா எழுந்தார். அதே நேரம், எங்களுக்குப் பின்வரிசையில் இன்னொருவரும் எழுந்தார். உயரமானவர். கட்டையாக வெட்டிய நரைமுடி, நீல மழைக்கோட்டு, கையில் சக்கரம் வைத்த கடைப்பை. மண்டபத்தில் வேறு எவருக்கும் இருக்க முடியாத அந்தப் பெயருக்கு இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். இளைஞர் கோப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு இருவருக்கும் சேர்த்துக் கதவைப் பிடித்தார்.

"இன்னும் அவரு பேரையா வச்சிருக்கா!" என்றார் அம்மா என் காதில்.

உள்ளே இளைஞர் பொறுமையாக விளக்கினார். அம்மா கோயில் கலியாணத்தையும் தாலியையும் எடுத்து வைத்தார். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "மதாம், எங்களுக்குத் திகதிதான் கணக்கு. உங்களுக்கு இருபத்தேழு வருடம். அவருக்கு ஆறு" என்றார். உயரமான அம்மா தலையசைத்தார். "அது சரிதானே. நீண்ட காலம் பொறுத்துக்கொண்டவர் இவர்" என்றார்.

அம்மா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

இளைஞர் அடுத்து அந்த நாலரை வருடத்துக்கு வந்தார். அது சேர்ந்தால் இருவருக்கும் நல்லது, ஆனால் சம்பளமும் பிடித்த காசும் எழுதிய சம்பளத் துண்டு எதுவும் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றார்.

"என்னிடம் இருக்கின்றன" என்றார் உயரமான அம்மா.

"எது, மதாம்?"

"சம்பளத் துண்டுகள். அவருடையவை. எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன."

வெளியே வந்ததும் நடைபாதையில் மூவரும் நின்றோம். உயரமான அம்மா பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்படி அழைத்தார். காகிதங்களைத் தபாலில் அனுப்பித் தொலைக்க விருப்பமில்லை, நாங்களே வந்து பார்த்து எடுக்கலாம் என்றார். அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில், "நான் வர மாட்டேன். செத்தாலும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். உடனே அந்தப் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில், "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் து நோர்ட் ஸ்டேசனில் ரயில் ஏறினோம். அம்மாவின் மடியில் ஒரு டப்பா முறுக்கு. முந்தின நாள் முழுக்க இருந்து சுட்டது. "சக்களத்தி வீடா இருந்தாலும் வெறுங்கையோட போவக் கூடாது" என்றார்.

சிறிய வீடு. பளிச்சென்று துடைத்திருந்தது. உயரமான அம்மா ஒரு பள்ளிக்கூட உணவுச்சாலையில் சமைத்து ஓய்வு பெற்றவர். விவாகரத்துக்குப் பிறகும் அந்தப் பெயரையே புழங்கியதற்குக் காரணம் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை உச்சரிக்கப் பழகுவதற்கே மூன்று மாதம் பிடித்ததாம். திரும்பவும் மாற்றி அவர்களைக் குழப்ப மனம் வரவில்லையாம்.

அலுமாரியில் மடித்த படுக்கை விரிப்புகளுக்கு அடியிலிருந்து அவர் ஒரு கட்டை எடுத்தார். வருடம் வருடமாகப் பிரித்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வியிருந்த துண்டுகள். "என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சம்பளத் துண்டைச் சாகும்வரை எறியாதே என்று சொல்லி வளர்த்தார். பிரிந்தபோது இவர் ஒரு பெட்டியோடு போனார். வந்து எடுப்பார் என்று வைத்திருந்தேன். வரவில்லை. எறியக் கை வரவில்லை."

நான் மேசையில் மாத வரிசையில் அடுக்கினேன். இரண்டு மாதம் மட்டும் குறைந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர், ஒவ்வொரு துண்டின் மூலையிலும் இருந்த தன் கணவரின் கையெழுத்தை மட்டும் உடனே கண்டுபிடித்தார். அதன்மேல் விரலை வைத்து, "இதுல அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"இருபத்தினாலு" என்றார் உயரமான அம்மா.

"அந்த வயசுல நான் அவரைப் பாத்ததே இல்ல."

உயரமான அம்மா ஒரு சிறு படத்தைக் கொண்டுவந்தார். ஆற்றுப் பாலத்தில் சாய்ந்து நிற்கும் மெலிந்த வாலிபர். நெற்றியில் சுருண்டு விழுகிற அடர்ந்த முடி. அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். "இவ்ளோ முடியா! எனக்கு வரும்போது பாதிகூட இல்லியே!" என்று பிரெஞ்சிலேயே கத்தினார். உயரமான அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாப்பாட்டு மேசையில் முதலில் ஒரு கிண்ணத்தில் சூப் வந்தது. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தவர், கிண்ணத்தையே உற்றுப் பார்த்தார். நானும் ஒரு கரண்டி குடித்தேன். மிளகு, உள்ளி, தக்காளி. புளிக்குப் பதில் வினிகர். ஆனால் அது ரசம்தான், சந்தேகமே இல்லை.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தானே சமைப்பார். சூப், கோழிக்கறி, எல்லாம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "சமைப்பாரா? யாரு, அவரா?" பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் வெடித்தார். "இருபத்தேழு வருஷம்! நான் காய்ச்சல்ல கெடந்தாக்கூட எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதுன்னு உக்காந்திருப்பான்! ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கியாந்து குடுப்பான்!" பிறகு அதையே பிரெஞ்சில் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

உயரமான அம்மா கண்ணைச் சுருக்கிக் கேட்டார். "உங்களிடம் துணி அயர்ன் பண்ணினாரா?"

"சட்டையெல்லாம் அவரேதான் தேய்ப்பாரு. நான் தேய்ச்சா மடிப்பு சரியில்லன்னு வாங்கிடுவாரு."

"என்னிடம், அயர்ன் பெட்டிச் சூடு பட்டால் தலை சுற்றும் என்றார். ஆறு வருடமும் நான்தான் தேய்த்தேன்."

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உயரமான அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்குப் புரைக்கேறி, அவர் வந்து முதுகில் தட்டினார்.

கோழிக்கறியின்போது அம்மா மெல்ல, ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டார். சண்டை எதுவும் இல்லை என்றார் அவர். ஊரில் அங்கிளின் தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வந்ததாம். ஆறு மாதத்தில் திரும்பி விடுகிறேன் என்று போனவர், வந்து சேர ஒன்றரை வருடம் ஆகிவிட்டதாம். அதற்குள் தான் தனியாக வாழப் பழகிவிட்டாராம், அவருக்கும் மனம் ஊர்ப்பக்கம் போய்விட்டதாம். இருவருமாகப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, திரும்பும் வழியில் ஒன்றாகக் கோப்பி குடித்தார்களாம்.

"ஆறு மாசம்னா சொன்னாரு?" என்றார் அம்மா. தலையை ஆட்டினார். "அவருக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதான்."

முறுக்கை வைத்துத் தேநீர் குடித்தபோது உயரமான அம்மா என்னிடம் கேட்டார்: "இவர் தமிழில் அடிக்கடி ஒரு சொல் சொல்கிறார், சக்க… சக்களத்தி. அது என்ன?"

நான் திகைத்துப்போனேன். எனக்கு அதற்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா கண்ணிமைக்காமல் பதில் சொன்னார்: "ஒரே எடத்துல வேலை பாத்தவங்களை அப்பிடிச் சொல்லுவோம்."

உயரமான அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிகச் சரியான சொல்" என்றார். விளங்கிக்கொண்டாரோ இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

வரும்போது பாலத்துப் படத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். தன்னிடம் இன்னொன்று இருக்கிறது என்றார். ரயிலில் அம்மா அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "நல்லவதான் போலருக்கு" என்றார் ஒரு கட்டத்தில். "ரசத்துக்கு வினிகர் ஊத்துறா. அடுத்த வாட்டி புளி கொண்டு போவணும்." வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த படத்தை நேராகத் திருப்பினார். "வெந்நீர் வைக்கத் தெரியாதாம்" என்று அதன் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார்.

துண்டுகளைக் கொடுத்த பிறகு மாதக்கணக்காகச் சத்தமில்லை. அம்மா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். இளவேனில் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. ஐந்து மாடி ஏறும்வரை பொறுக்க முடியாமல் என்னைப் படிக்கட்டிலேயே உட்கார்த்தி வாசிக்கச் சொன்னார். துண்டு கிடைக்காத இரண்டு மாதம் தவிர, அந்த நாலரை வருடமும் சேர்க்கப்பட்டிருந்தது. இருவருக்கும் அவரவர் பங்கு. அம்மாவுக்கு உயிர் உள்ளவரை வரும். விண்ணப்பித்த காலத்திலிருந்து விடுபட்ட காசும் சேர்ந்து வரும்.

அம்மா அழவில்லை. படிக்கட்டு எதிரொலிக்க, "அவளுக்குப் போன் போடணும்!" என்றார். கீழே ஓடி, மூலைக் கபேயில் இருந்த தொலைபேசியில் எண்ணைச் சுற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசியதால் யார் சொன்னதும் யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த மாதம் அலுவலகம் துடைக்கும் வேலையை விட்டார். முதல் நாள் காலை எட்டு மணிவரை தூங்கிவிட்டு, எழும்பியதும் பயந்து என் கதவைத் தட்டினார். "மணி எட்டாம்மா! எனக்கு ஒடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?"

எனக்கும் அந்தக் கதையால் ஒரு மாற்றம் வந்தது. நான் வேலை செய்த கடையின் முதலாளி அண்ணை மாதக் கடைசியில் ஒரு உறைக்குள் காசு வைத்துத் தருவார். துண்டு கிண்டு ஒன்றும் கிடையாது. எனக்கு வேலை செய்கிற அனுமதி கையில் கிடைத்த கிழமையே, கல்லாவடியில் போய் நின்றேன்.

"அண்ணை, எனக்கு இனிச் சம்பளத் துண்டு வேணும். பதிஞ்சு தாங்கோ."

அவர் சிரித்தார். "ஏன் தங்கச்சி, பென்சன் எடுக்கப் போறீரோ? உமக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"அப்ப இன்னும் கனகாலம் கிடக்கு. பாப்பம், பாப்பம்."

அன்று பின்னேரம் இதை அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை கடைக்கு வந்தார். வாசலில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துகொண்டார். வருகிற புதுச்சேரிப் பெண்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி நலம் விசாரித்து, தன்னுடைய பென்சன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். முடிவில், "இந்தக் கடையில வேலை பாக்குற பொண்ணுக்குத்தான் துண்டே இல்லியாம்" என்று சேர்த்துக்கொண்டார். மத்தியானம் ஆனபோது அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த அம்மாவை எழுப்பிக்கொண்டு போம். இந்த மாசத்திலை இருந்து துண்டு தாறன்."

"மெய்யாவோ அண்ணை?"

"ஓம். அவ இருக்கிற மூட்டையை நான் விக்கவும் வேணும்."

அவர் சொன்னபடி தந்தார். மனுசன் கெட்டவரில்லை, யாரும் கேட்டிராததால் கொடுத்திராதவர். அதற்குப் பிறகு கடையில் வேலை செய்த தன் தம்பிக்கும் ஒரு துண்டு எழுதினார் என்று கேள்விப்பட்டேன்.

செவ்ரானும் லா சப்பலும் மாதம் ஒரு ஞாயிறு மாறி மாறிச் சந்தித்துக்கொண்டன. இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் சகலபரிசுத்தர் திருநாளுக்கு இரண்டு பேரும் ஒரே சாமந்திப்பூத் தொட்டியைப் பங்குபோட்டு வாங்கி அங்கிளின் கல்லறைக்குப் போனார்கள். நானும் போனேன். உயரமான அம்மாவுக்குக் கோயில் நம்பிக்கை இல்லை. அம்மா செபம் சொல்லி முடிக்கும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் கல்லைப் பார்த்து அயர்ன் பெட்டி பற்றியும் வெந்நீர் பற்றியும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பம் எங்களை விநோதமாகப் பார்த்தது.

அடுத்த வருடம் எங்களுக்குப் பொபினியில் ஒரு சிறு வீடு கிடைத்தது. வீடு கேட்டு எழுதியபோது என்னுடைய சம்பளத் துண்டுகளையும் சேர்த்து வைக்க முடிந்தது. குடிபுகும் நாளில் இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அம்மா புதுப் பானையும் பாலும் கொண்டுவந்தார். உயரமான அம்மா தானே தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுவந்தார். கணவர் பானையை அடுப்பில் வைத்தார். நான் ஒரு கதிரையில் ஏறி நின்று திரைச்சீலையைப் பிடித்தேன். பூ உள்ளே தெரிய வேண்டும் என்றார் ஒருவர், தெருவுக்குத் தெரிய வேண்டும் என்றார் மற்றவர். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்துப் பிரெஞ்சில் வாதாடினார்கள். எனக்குக் கை உளைந்தது. அப்போது குசினியிலிருந்து கணவர் கத்தினார்.

"ஓடி வாங்கோ! பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது!"